புள்ளிக்குப் புள்ளி வைத்த பிராசஸர்

1996ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் முதல் மாடி வீடு. சரியாக இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன் என்று என் டைரியில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு டைரி தேவையில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மற்ற பிரிவுகள் செய்து அனுப்புவதை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் ரிஜெக்‌ஷன் சீட்டு. அந்தச் சீட்டால் எனக்கு நண்பர்கள் குறைவு. இருந்த இரண்டு பேரில் ஒருவர் லேத் பிரிவு, இன்னொருவர் பெயின்ட் பிரிவு. மூன்று பேரும் கூட்டாக ஒரு பழைய 486 கம்ப்யூட்டரை வாங்கி என் வீட்டில் வைத்திருந்தோம். என் வீட்டில்தான் தூசி இருக்காது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அதன் மூடியை என்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மாலைகளில் கூடி விளையாடுவோம். சீட்டாட்டமும் செங்கல் அடுக்கும் ஆட்டமும் நன்றாக ஓடின. ஆனால் எங்கள் மூவருக்கும் ஆசை விமானம் ஓட்டும் ஆட்டத்தின் மேல்தான். யாரோ ஏழு ஃபிளாப்பிகளில் பதிந்து கொடுத்திருந்தார்கள். எங்கள் கம்ப்யூட்டரின் வேகத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஓடுதளத்தில் விமானம் ஓடாது, தவணை முறையில் நகரும். ஒரு படம், பிறகு பெருமூச்சு, பிறகு இன்னொரு படம். மேலே எழும்புவதற்குள் ஓடுதளம் முடிந்து வேலியில் போய் முட்டும்.

“இது இன்னாய்யா ஃபிளைட்டு, அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸு இத்தவிட வேகமா போவும்” என்பார் லேத் நண்பர்.

இந்த நிலையில் பெயின்ட் நண்பருக்கு மத்தியப் பிரதேசத்துக்கு மாற்றல் வந்தது. மனைவியும் பிள்ளைகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிளம்ப வேண்டும். கேன்டீனில் டீ குடிக்கும்போது ஒரு நாள் சொன்னார்: “போறதுக்குள்ள அந்த பிளேன ஒரு தபா மேல ஏத்திப் பாத்துட்டா போதும்யா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எங்கள் இருவருக்கும் அது மனதில் தங்கிவிட்டது.

புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது எங்களால் ஆகிற காரியமில்லை. ஆனால் பழைய போர்டை அப்படியே வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். 25 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் 66. பென்டியம் வந்துவிட்டதால் பழைய 66 சில்லுகள் கைக்கெட்டும் விலையில் கிடைத்தன. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு, ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடை என்று சொல்லக்கூட முடியாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஓர் ஆள். என்னைவிடப் பத்து வயது சிறியவர். தெர்மோகோல் துண்டில் குத்தியிருந்த சில்லைக் கொடுத்தார். என் பூதக்கண்ணாடியை எடுத்து நூற்று அறுபத்தெட்டுக் கால்களையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் வளையவில்லை. ஒரு மாதம் கியாரண்டி என்று சொல்லி, சில்லை வாங்கி மேசைக்கு அடியில் ஏதோ செய்து, அதே தெர்மோகோலில் குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

“மாட்டும்போது மூலைய பாத்து...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்பா. நான் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கிறவன்” என்றேன்.

“சர்தான்” என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நண்பர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்கள் வரும்போது விமானம் தயாராக நிற்க வேண்டும் என்பது என் திட்டம். மேசை மேல் பழைய வேட்டியை விரித்தேன். கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

“என்னங்க, நாளைக்கு இட்லியில ஸ்க்ரூ வந்தா அது உங்க தட்டுலதான் விழும்” என்றாள் என் மனைவி.

பழைய சில்லை எடுக்கும் முன் அது இருந்த நிலையைத் தாளில் வரைந்துகொண்டேன். எந்தப் பக்கம் எழுத்து, எந்தப் பக்கம் மின்விசிறி, எல்லாம். பிறகு மெல்லிய திருப்புளியால் நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தேன். போர்டின் கையேட்டில் சொன்னபடி வேகத்தைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகிகளை இடம் மாற்றினேன்.

போர்டில், சில்லு உட்காரும் சாக்கெட்டின் ஒரு மூலையில் வெள்ளைப் புள்ளி அச்சிட்டிருந்தது. புதுச் சில்லின் ஒரு மூலையில் சிவப்புப் புள்ளி இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் இரண்டு பல்சக்கரங்களைக் கோக்கும்போது இரண்டிலும் புள்ளி குத்தியிருக்கும். புள்ளிக்குப் புள்ளி சேர்த்தால் வேலை முடிந்தது. பதினெட்டு வருடமாக அதைத்தான் பார்த்துப் பார்த்து முத்திரை போட்டு வந்தேன். சிவப்பை வெள்ளையோடு சேர்த்து வைத்தேன்.

இரண்டு விஷயம் இடித்தது. அப்படி வைத்தால் புதுச் சில்லின் எழுத்து, நான் வரைந்த படத்தில் இருந்ததற்குக் குறுக்காக ஓடியது. சில்லின் வேறொரு மூலை சற்று வெட்டியிருந்தது. இரண்டுக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். வேறு ரகம், எழுத்து வேறு மாதிரி அச்சிட்டிருப்பார்கள். மூலை வெட்டு, கையைக் கிழிக்காமல் இருக்கக் கூர்மையை மழுக்கியது, எங்கள் இடத்தில் எல்லா உலோக மூலையையும் அப்படித்தானே மழுக்குவோம். கட்டைவிரலால் சமமாக அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே சிறு விசிறியை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. வழக்கமான ‘பீப்’ வரவில்லை. இருபது விநாடி காத்திருந்திருப்பேன். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளிபோல ஒரு வாடை வந்தது. சில்லின் ஓரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். தோசைக்கல். பிளக்கையே பிடுங்கினேன்.

மணி மூன்று ஐந்து. நான்கு மணிக்கு அவர்கள் வருவார்கள். காலையில் அவருக்கு ரயில்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். முன்னால் இரண்டு பேர். ஒருவர் தன் மைத்துனரிடம் ஆடு விலையைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் ரிச்சி தெரு எண்ணைச் சுழற்றினேன். நல்லவேளை, அவரே எடுத்தார்.

“இன்னா சார், ஓடுதா?”

“படமே வரலப்பா. சூடாயிடுச்சு. புள்ளிக்குப் புள்ளி சரியாத்தான் வெச்சேன்.”

“இன்னா புள்ளி?”

“அதான், சில்லுல செகப்புப் புள்ளி.”



“சார், அது எங்க ஊட்டுக்காரம்மா நெயில் பாலிசு. ரிட்டன் எடுத்துகினு வந்தா நம்ம கடை மாலான்னு பாக்க நான் வெக்கிறது. எந்த மூலைல கை போதோ அங்க வெப்பேன்.”

“நெயில் பாலிஷா!” என்று பூத்தே அதிரக் கத்திவிட்டேன்.

“ஒரு மூல வெட்டிகீது பாரு, அதான் கணக்கு, அத்த போர்டு புள்ளியாண்ட வெக்கணும். சொல்ல வந்தேன். நீதான் இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லிட்ட. எத்தினி நேரம் போட்டு வெச்ச?”

“இருபது செகண்டு.”

“அப்ப பாதி உசுரு இருக்கும். நல்லா ஆற வுட்டு, நேரா மாட்டு. பொழச்சா பொழச்சிது.”

“பொழைக்கலன்னா?”

“நீ கம்முனு எடுத்துகினு வந்திருந்தா புள்ளிய பாத்துட்டு வேற குடுத்திருப்பேன். போன் பண்ணி நீயே ஒத்துக்கினா நான் இன்னாத்த பண்றது? சரி, திங்கக்கெழம வா. பாக்கலாம்.”

திங்கட்கிழமை யாருக்கு வேண்டும்? பூத்தில் இருந்த பெண்மணி, பில்லைக் கிழித்துக் கொடுத்தபடியே, “நெயில் பாலிஷா சார்?” என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

நடந்து வரும்போது ஒரு கெட்ட யோசனை வந்தது. பழைய சில்லையே மாட்டிவிட்டு, கடைக்காரன் மோசமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனையோடுதான் மாடி ஏறினேன். ஆனால் இருவரும் சீக்கிரமே வந்து, திறந்து கிடந்த கம்ப்யூட்டரைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் நண்பர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ‘இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கிறவன்’ என்று பீற்றிக்கொண்டதையும்.

லேத் நண்பர்தான் முதலில் வாயைத் திறந்தார். “நெயில் பாலிசுக்கு முத்திர குத்திகீறாருய்யா நம்ம ஆளு.”

பெயின்ட் நண்பர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஒன்பது வருசமா என் பெயின்ட்ல தூசிகீது, தூசிகீதுன்னு திருப்பி அனுப்பின கை இது. உடாத மச்சான், இன்னிக்கு நம்ம சான்ஸு. தாள எடு. ஒரு ரிஜெக்‌ஷன் சீட்டு எழுதச் சொல்லு.”

விளையாட்டில்லை, எழுத வைத்தார்கள். பொருள்: பிராசஸர், ஒன்று. குறை: திசை மாறிப் பொருத்தப்பட்டது. காரணம் என்ற இடத்தில் நான் தயங்கினேன். “கவனக்குறைவுன்னு போடாதய்யா, நீ கவனமாத்தான் செஞ்ச” என்றார் பெயின்ட் நண்பர். “யாரையும் கேக்கலன்னு போடு.” போட்டேன். அவர் அதை மடித்துப் புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சில்லு கைச்சூட்டுக்கு ஆறும்வரை என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தோம். பிறகு நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். திருப்புளியைப் பெயின்ட் நண்பரிடம் கொடுத்து, “நீ எடுத்து மாட்டு” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவருடையது தூரிகை பிடிக்கும் கை. என்னைவிட மெதுவாக, ஓசையே இல்லாமல் நெம்பி எடுத்தார். கால்களை லேத் நண்பர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். என் மனைவி நான் வரைந்த படத்தைப் பிடித்துக்கொண்டு, “வெட்டின மூலை வெள்ளைப் புள்ளிக்கு நேரா வரணும், எழுத்து உங்களைப் பார்த்து இருக்கணும்” என்று சொன்னாள். நான்கு பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, நான்கு பேரும் சரி என்ற பிறகுதான் பெயின்ட் நண்பர் அழுத்தினார்.

ஸ்விட்ச். விசிறி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

‘பீப்.’

அந்தச் சிறு சத்தத்துக்கு லேத் நண்பர் என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. திரையில் எழுத்துகள் ஓடின. வேகம் என்ற இடத்தில் 66 என்று வந்ததை நான் மூன்று முறை படித்தேன்.

விமானத்தைப் போட்டோம். பெயின்ட் நண்பர்தான் முதலில் உட்கார்ந்தார். ஓடுதளம் இந்தத் தடவை நகரவில்லை, ஓடியது. கோடுகள் எங்களை நோக்கிப் பாய்ந்து வந்து காலுக்குக் கீழே போயின. “தூக்குய்யா, தூக்குய்யா” என்று பின்னாலிருந்து கத்தினோம். அம்புக்குறியை அழுத்தினார். தரை சாய்ந்தது, கீழே இறங்கியது, திரை முழுவதும் வானம். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு வட்டம் அடித்தார். பக்கவாட்டில் ஆறு ஒன்று வளைந்து போனது. அப்படி ஓர் ஆறு அந்த ஆட்டத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்து லேத் நண்பர். “முத்தாபுதுப்பேட்டைல கீறேன்பா, நெதம் தலைக்கு மேல ஏர்ஃபோர்ஸ் பிளேனு போவுது. எனக்குத் தெரியாததா” என்று உட்கார்ந்து, ஒரு நிமிடத்தில் மலையில் மோதினார். நான் ஏற்றினேன், இறக்கத் தெரியவில்லை. கடைசியில் என் மனைவி உட்கார்ந்து, முதல் முயற்சியிலேயே தரையிறக்கினாள். “நீங்க மூணு பேரும் மேல போறதுக்கே அவசரப்பட்டீங்க” என்றாள்.

ஏழு மணிக்கு விடைபெற்றார்கள். மறுநாள் காலை பெயின்ட் நண்பர் ஊரைவிட்டுப் போனார். திங்கட்கிழமை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் போனேன். சில்லு பிழைத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு, அன்று கேட்காமல் வந்த மீதிப் பேச்சையும் நின்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் என் மேசைக்கு வந்த ஒரு பாகம் அளவு தப்பியிருந்தது. வழக்கம்போல் சீட்டை எடுத்தேன். எழுதும் முன், அதைச் செய்தவரைக் கூப்பிட்டு, என்ன நினைத்து இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பதினெட்டு வருடத்தில் நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அவர் சொன்ன காரணம் தப்புதான், சீட்டையும் எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அவரும் என்னைப் போலவே ஒரு தப்பான புள்ளியை முழுசாக நம்பித்தான் அதைச் செய்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, கேட்காமல் நான் ஒரு சீட்டும் எழுதியதில்லை.