கூண்டு ஏறிப் போன அறை

தயாளன் இறந்துபோன செய்தியை நாகராஜ்தான் போனில் சொன்னான். பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மறுமுனையில் நாகராஜ், "ஐயோ பாவம், அந்த பிளாக் ஸ்கிரீன் தயாளன்தானே?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கோபம் அவன்மேல் இல்லை. ஒரு மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கறுப்புத் திரைதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டவைத்தவள் நான். இதை அந்த ஆபீஸில் இருந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிடுங்கள்.

பெங்களூர் தொம்மலூரில் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ் இருந்தது நினைவிருக்கும். பாஸ், நாகராஜ், படம் வரையும் நந்தினி, தயாளன், நான் என்று ஐந்து பேர், நாலு மேஜை. பட்டன் வைத்த போன்களுக்கு விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். தாவித் தாவிப் போகும் விளையாட்டுகள். பள்ளத்தைத் தாண்டு, பலகையில் ஏறு, விழுந்தால் செத்தாய். தயாளன் மேப் போடுபவர். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் ஒவ்வொரு லெவலையும் வரைந்து முடித்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடுவார். நான் அதை வெட்டிச் சுருக்கி போனுக்குள் அடைப்பவள். அந்தக் காலத்துப் போனில் இருந்த இடம் கைக்குட்டை அளவு. அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் 'கத்திரி'. "வந்துட்டா பாரு கத்திரி, நோட்ட மூடி வெய்யி" என்பார் காலையில். நானும் விடமாட்டேன். "உங்க நோட்டுல பாதி குப்பை, கூட்டித் தள்றதுக்கே ஒரு ஆள் வேணும்" என்பேன்.

குப்பை என்று நான் சொன்னது எதை என்று சொல்கிறேன். அவருடைய ஒவ்வொரு லெவலிலும் ஒரு மூலையில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம் இருக்கும். எதிரி வரமாட்டான், பாயிண்டும் கிடையாது. சும்மா நின்றால் கொஞ்ச நேரம் கழித்து ஒரு குருவி வந்து உட்காரும், அல்லது தூரத்து ஜன்னலில் விளக்கு எரியும். அவ்வளவுதான். "யாரு நின்னு பாக்கப் போறாங்க தயா?" என்று கேட்டேன். "ஓடறதுக்கு இவ்ளோ வழி வெக்கறோமே, நிக்கறதுக்கு ஒரு எடம் வெச்சா இன்னா?" என்றார். நான் குருவியை வெட்டினேன். ஜன்னலையும் வெட்டினேன். அவர் ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. அடுத்த மேப்பில் வேறொரு குருவி வைத்துவிடுவார்.

ஆபீஸில் அவருக்கு நெருக்கம் என்று யாரும் கிடையாது. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனார். நாம் பிரிகேட் ரோடு போகும் வெள்ளிக்கிழமைகளில் அவர் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டோம். மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் என்னோடு பேசுவார், அவரைப் போல வீட்டிலும் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் இருக்கலாம். ஒருநாள் அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். சுரங்கத்தில் போர்டுக்காரராம். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று இருக்கும். இறங்கும்போது ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். "எல்லா ஆணியும் ரொம்பற வரைக்கும் எங்கப்பா வூட்டுக்கு வரமாட்டாரு. சோறு ஆறிப் போயிருக்கும். அம்மா திட்டும். அவரு, 'ஒர்த்தன் வர்ல'ன்னு மட்டும் சொல்லுவாரு" என்றார். சொல்லிவிட்டு டப்பாவை மூடிக் கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்ததுதான் அந்தச் சுரங்க விளையாட்டு. ஒரு குள்ளன் பாதாளத்தில் ரத்தினம் பொறுக்குவான். பத்து லெவல் கேட்ட வெளிநாட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் ஒன்பது போதும் என்றார்கள். பத்தாவது மேப் என்று ஒரு கோப்பு இருந்தது. ஒன்பதாவதிலிருந்து அதற்கு வழியே இல்லை. அனுப்ப வேண்டிய நாள் வேறு, இடமும் பற்றவில்லை. தயாளன் அன்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு லீவில் இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். குப்பைதானே என்று அழித்துவிட்டு, நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது லெவலில் பின்னணியில், சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு இரும்புக் கூண்டு நிற்கும். வெறும் படம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அதற்குள் நின்று மூன்று முறை குதித்தால் மூன்று மணி அடித்து, கூண்டு மேலே ஏறும். சுரங்கத்தில் ஆள் ஏறிவிட்டான் என்பதற்கு அதுதான் சைகையாம். ஏறிப் போய்ச் சேரும் இடம் பத்தாவது மேப். நான் அழித்துவிட்டதால் அங்கே ஒன்றுமில்லை, கறுப்புத் திரை மட்டும். போனை அணைத்துப் போட்டால்தான் உண்டு. விற்பனைக்குப் போன பத்தே நாளில் எவனோ குதித்துக் கண்டுபிடித்து, புகார்மேல் புகார் வந்து, வெளிநாட்டுக்காரர்கள் நம்மைக் காய்ச்சி எடுத்தார்கள்.

மீட்டிங்குக்கு முன்னாலேயே நான் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பாஸ் கேட்டார்: "அந்தக் கூண்டை யார் வைத்தது?" "நான்தான் சார்" என்றார் தயாளன். "அப்புறம் மேலே ஏன் ஒன்றுமே இல்லை?" தயாளன் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெக்க மறந்துட்டேன் சார்" என்றார்.

நீங்கள் எல்லாரும் அந்த அறையில் இருந்தீர்கள். நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன், சொல்லிவிட வேண்டும் என்று. "மழ வர்றமாதிரி இருக்குது, வண்டிய எட்த்துக்கினு கெளம்பு" என்றார். கிளம்பிவிட்டேன். எப்பேர்ப்பட்ட கோழை பாருங்கள்.

அவருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கம்ப்யூட்டரில் வேலை கிடைத்தது. மற்ற நாளில் பேசமாட்டார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் தவறாமல் போன் வரும். "இன்னா கத்திரி, கேக்கு வெட்டனியா?" என்பார். வீட்டில் எல்லாரையும் விசாரிப்பார். பிறகும் போனை வைக்கமாட்டார். நானும் வைக்கமாட்டேன். "சரி, வேற இன்னா?" என்பார். "ஒண்ணுமில்ல தயா" என்பேன். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் ரயிலேறிப் போனேன். சுரங்கத் தொழிலாளிகளுக்கு அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி வசந்தி காபி கொடுத்துவிட்டு ஒரு பழைய போனை எடுத்துவந்தார். "நீங்கல்லாம் சேந்து செஞ்ச கேமாம். ரயில்ல தெனம் ஆடுவாரு" என்றார். மூன்றாவது லெவலுக்குப் போய்க் கூண்டுக்குள் நின்றேன். மூன்று முறை குதித்தேன். மணி அடித்தது. கறுப்பை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஒரு அறை. பெஞ்சில் ஒரு பெரியவர், பக்கத்தில் திறக்காத சாப்பாட்டு டப்பா. சுவரில் பலகை, அதில் ஐந்து ஆணி. ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் குட்டியாக ஒரு படம்: பாஸின் மூக்குக்கண்ணாடி, நாகராஜின் ஹெல்மெட், நந்தினியின் தூரிகை, தயாளனின் பென்சில். நாலிலும் வில்லை தொங்கியது. ஐந்தாவது படம் கத்திரிக்கோல். அந்த ஆணி காலி.

"இத அவரு வேலைய வுட்டப்புறம் மறுபடி போட்டாரு" என்றார் வசந்தி. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "தெரியும்மா. 'அவளா வந்து சொல்லுவா, நாம கேக்கக்கூடாது'ன்னு இருந்தாரு. கிறிஸ்துமஸுக்குப் போன் பண்றதே அதுக்குத்தான். வெச்சதும் நான் கேப்பேன், 'சொன்னாங்களா'ன்னு. 'ஒர்த்தி வர்ல'ன்னுவாரு."

அந்தப் போனை வசந்தி தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை, அது அவர்கள் வீட்டுப் பொருள். அந்தக் காலி ஆணியை மட்டும்தான் நான் எடுத்து வந்திருக்கிறேன். பாஸ், நாகராஜ், நந்தினி, கேளுங்கள்: தயாளன் எதையும் மறக்கவில்லை. அவர் வைத்திருந்தார். கேட்காமல் அழித்தவள் நான், ஸ்டெல்லா. மேலே வந்துவிட்டேன் தயா. பெஞ்சில்தான் காத்திருக்க யாரும் இல்லை.