மூன்று விரற்கடை

ஓம்பல் என்பது ஓர் அறம். தன் உடைமையைப் பேணுதல் எவர்க்கும் இயல்பு; பிறர் தன் கையில் ஒப்புவித்துச் சென்றதை, கேட்பாரும் பார்ப்பாரும் இல்லாத வேளையிலும் வைத்தது வைத்தபடி காத்து நிற்பதற்கே அப்பெயர் பொருந்தும். ஆலங்குளத்துக்குத் தெற்கே, ஒரு செம்மண் சரிவின் அடியில் வாழும் இசக்கிமணியிடம் அந்த அறம் குறைவற இருந்தது. அது அவருக்கு நன்மை செய்யவில்லை.

இசக்கிமணி முப்பது ஆண்டுகள் வேலிக்கல் நட்டவர். தாம் நட்ட கல் குழியிலிருந்து அரை விரல் எழும்பிவிட்டது என்று கேள்விப்பட்டால், கூலி வாங்கி மாதங்கள் கழிந்திருந்தாலும் திரும்பிச் சென்று இடித்து இறக்கிவிட்டு வருவார். முதுகு ஒத்துழையாமற்போன பிறகு அத்தொழிலை விட்டார். மனைவி முத்துச்செல்வியும் அவரும் சரிவின் அடியிலுள்ள ஓர் ஏக்கர் நிலத்தையும் அதன் கிணற்றையும் நம்பி இருந்தனர்.

மேற்கே குற்றால மலை முகில் போர்த்தி நிற்கும் ஆனி ஆடியில் இங்கு வருவது வெறுங்காற்று மட்டுமே. மேல்மண் அதனோடு புழுதியாகப் பறந்துவிடும். ஐப்பசி கார்த்திகையிலோ ஆண்டு முழுமைக்கும் உரிய மழை நான்கைந்து நாளில் கொட்டித் தீர்க்கும். அப்போதெல்லாம் சரிவின் ஓடை செந்நிறமாய்ப் புரண்டு, தன் கரையைத் தானே அறுத்துக்கொண்டு, கிணற்றை நோக்கி அகன்றுகொண்டிருந்தது. இடையில் எஞ்சியிருந்தது பதினோரு முழம்.

மண்ணரிப்பை ஆராயும் பர்சானா என்னும் தென்காசிப் பெண் அங்கு வந்தது அந்நிலையில்தான். நான்கு சரிவுகளில் எது மிகுதியாக மண்ணை இழக்கிறது என்று அவள் அளந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு சரிவின் ஓடைக்கு அரசின் மண்காப்புத் திட்டத்தில் கல் தடுப்பணைகள் கட்டப்படும். அவை இங்கு எழுந்தால் கிணறு பிழைக்கும். அதனாலேயே, அவள் விட்டுச் செல்வதைக் காவல் காக்க இசக்கிமணி ஒப்புக்கொண்டார். பர்சானா சரிவெங்கும் நாற்பது இரும்புக் கம்பிகளை, ஒவ்வொன்றும் மூன்று விரற்கடை வெளியே தெரியுமாறு அறைந்தாள். ஆய்வுக்கென்று மண்ணையும் பைகளில் அள்ளிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ரெண்டு மழைக்காலம் கழிச்சு வந்து அளப்பேன். அதுவரை ஆடு முட்டாம, ஆளு பிடுங்காம பாத்துக்கிடுங்க. கம்பி பழைய இரும்புக்கடைக்குப் போச்சுன்னா என் படிப்பும் கூடவே போயிரும்."

"என் பொறுப்புல நின்னது எதுவும் அசைஞ்சது கிடையாதும்மா."

அளக்கப்படுவது பையில் சென்ற மண்தான், கம்பிகள் இடத்துக்கு அடையாளம் என்றே அவர் கொண்டார். ஒவ்வொரு மழை ஓய்ந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு சரிவேறினார்.

"என் தலைவலிக்கு ஒரு நாளு தைலம் தேய்ச்சது கிடையாது. கம்பிக்குக் காய்ச்சலான்னு விடியமுன்ன ஓடுதிய" என்பாள் முத்துச்செல்வி.

"கம்பி பதிலுக்குப் பேசாதுல்லா" என்பார் அவர்.

இரண்டாம் மழைக்காலம் கழிந்த தை மாதத்தில் பர்சானா வந்தாள். காலை முழுதும் அளந்து, நாற்பதாவது கம்பியருகே அப்படியே அமர்ந்துவிட்டாள்.

"எல்லாமே மூணு விரக்கடைதான் நிக்குது அண்ணாச்சி. இந்தச் சரிவுல மண்ணே போகலன்னு காட்டுது."

இசக்கிமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "நிக்காம எங்க போகும்? மழைக்கு மழை எளகி அஞ்சு விரக்கடை, ஆறு விரக்கடைன்னு மேல வந்துரும். நான்தான் மூணு விரலை வச்சுப் பாத்துப் பாத்து அடிச்சு இறக்கி விடுதேன். ஒண்ணைக்கூட விடல."

பர்சானா அருகிலிருந்த கம்பியின் அடிமண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கம்பி மேல வரல அண்ணாச்சி. மண்ணுதான் கீழ போயிருக்கு. எவ்வளவு போச்சுன்னு அந்தக் கம்பியை வச்சுத்தான் அளக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

அவர் ஓடையைப் பார்த்தார். கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"எத்தனை தடவை இறக்குனீங்க, தடவைக்கு எவ்வளவு? உறுதியாச் சொன்னீங்கன்னா, காவலுக்கு இருந்தவர் சொன்னதுன்னு குறிப்பு எழுதிக் கணக்குல சேத்துப் பாக்கலாம்" என்றாள் பர்சானா.

சரிவேறி வந்திருந்த முத்துச்செல்வி பின்னாலிருந்து அவர் தோளை இடித்தாள். "தடவைக்கு மூணு விரக்கடைன்னு சொல்லுங்களேன். ஓடையைப் பாத்தாலே தெரியுதே. அதுல என்ன பொய் கெடக்கு?"

இசக்கிமணி கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். ஓடைக் கரையில் நின்றவற்றைப் பலமுறை அறைந்தது நினைவிருந்தது. மேட்டில் நின்றவற்றைச் சிலமுறை. அதற்குமேல் அவர் நினைவில் நின்றது தோள்வலி ஒன்றே. ஒரு சொல் சொன்னால் தடுப்பணை வரும். அதே சொல்லால், இதைவிட மண் இழந்த இன்னொரு சரிவின்கீழ் எவர் கிணறோ தூரும்.

"கீழ நெறைய, மேல கொஞ்சம். அளவு கேட்டா எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைத் தெரியும்னு எழுத வேண்டாம்."

"நம்ம கிணத்தைப் பாருங்க" என்றாள் முத்துச்செல்வி.

"பாத்துக்கிட்டுத்தாம்ட்டி நிக்கேன்."

பர்சானா அச்சரிவை ஆய்விலிருந்து நீக்கினாள். கம்பிகளைப் பிடுங்க இசக்கிமணியே துணைநின்றார். தடுப்பணைகள் வேறோர் ஓடையில் எழுந்தன. அடுத்த கார்த்திகையில் ஐந்து நாள் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் மாலை கிணற்றின் மேற்குச் சுவர் சரிந்து, விளிம்புவரை செஞ்சேறு நிறைந்தது. இன்று முத்துச்செல்வி பீடி சுற்றுகிறாள். இசக்கிமணி அந்த முதுகோடு மீண்டும் வேலிக்கல் நடச் செல்கிறார். பர்சானா எப்போதேனும் தொலைபேசியில் அவரை அழைத்து நலம் கேட்பாள். கிணற்றைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

தென்காசியில் எழுந்தருளிய உலகம்மை அந்த மனையைக் கண்ணோக்குவாளாக. அவ்வீட்டு அடுப்பு நாளும் எரிக. அங்கு உழைக்கும் நான்கு கைகளுக்கும் ஓய்வு வாய்க்க. எஞ்சிய மண் அவர்கள் காலடியில் நிலைக்க. தூர்ந்த இடத்தில் ஊற்று மறுபடி கண் திறக்க அன்னை அருள்வாளாக.