கழுத்தளவுத் தண்ணீரில் பாடியவள்

உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு துணிமூட்டை ஏற்றிய காலத்தில், தோணிரேவுப் பச்சையம்மாவின் பாட்டை ஏரி மீன்கள் கிட்டத்தில் கேட்டன. மனிதர்கள் தூரத்தில் கேட்டதோடு சரி. தலை மட்டும் தெரிய நீரில் குந்தி, சேற்றில் இறால் தடவிப் பிடிக்கும்போது அவள் பாடினால் அக்கரை வரை போகும். கரையேறி நாலு முகத்தைப் பார்த்தால் தொண்டையில் முள் மாட்டியதுபோல் நின்றுவிடும்.

ஆடித் திருவிழாவில் அம்மனுக்குப் பாடுவது அவள் புகுந்த வீட்டு உரிமை. மாமியார் போன பிறகு அது அவள் தலையில் விழுந்தது. முதல் வருஷம் வாயைத் திறந்து மூடினாள். இரண்டாம் வருஷம் திறக்கவே இல்லை. இரண்டு முறையும் பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் செல்வம்மாள் எழுந்து பாடி முடித்தாள்.

“இந்த வருசமும் நீ பாடாம நின்னுட்டா பாட்டு பசியாவரத்துக்குப் போயிடும். அப்பால திரும்பாது,” என்றார் ஊர்ப் பெரியவர் சகாதேவன்.

“தோணி கட்டற கழியாண்ட தண்ணியில நின்னு பாடறேன் மாமா. அம்மன கரைக்குத் தூக்கினு வந்துடுங்க.”

அம்மனுக்கும் குளிர்ச்சிதானே என்று ஒப்புக்கொண்டார். கழியருகே நின்றால் கழுத்தளவு நீர். சித்திரையிலிருந்து தினமும் அங்கே பாடிப் பழகினாள்.

அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் அடைத்தது. ஏரி வற்றத் தொடங்கியது. வைகாசியில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது; முட்டியை மடக்கினாள். ஆனியில் இடுப்புக்கு இறங்கியது, உட்கார்ந்தாள். ஆடியில் சாணளவு மிஞ்சியது. படுத்துக்கொண்டும் பாடிப் பார்த்தாள், மூக்கில் ஏறியது.

“ஆழமா வேற எடம் பாரேன்,” என்றான் புருஷன் எல்லப்பன்.

“கழின்னு சொல்லிட்டேன். இப்ப மாத்தினா உன் தங்கச்சி சிரிப்பா.”

திருவிழாவன்று ஊரே அம்மனைத் தூக்கிக்கொண்டு காய்ந்த ஏரியில் நடந்து வந்து, சாண் தண்ணீரில் உட்கார்ந்திருந்தவளைச் சுற்றி நின்றது.

“இன்னா அண்ணி, எறா கெடைக்குதா?” என்றாள் செல்வம்மாள்.

முள் மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் கோட்டையிலிருந்து வந்த துரைக்கு நாற்காலி போட்டார்கள். ஏரிச் சேற்றில் கனமானதை வைக்கக்கூடாது என்பது தோணிரேவில் குழந்தைக்கும் தெரியும். நாற்காலியும் அதில் சேர்த்தி என்பதுதான் யாருக்கும் தெரியாது. துரை உட்கார்ந்தார், மெல்ல இறங்கத் தொடங்கினார். எழுந்தால் மரியாதை போய்விடும் என்று தொடர்ந்து இறங்கினார். ஊரின் கண் முழுவதும் அங்கே போனது.

பச்சையம்மாவுக்குக் குரல் வந்துவிட்டது. முதல் பாட்டு முடிந்தது, ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாவது முடிந்தது, அம்மனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பார்க்கிறார்களே என்று இரண்டு வருஷம் நடுங்கியவளுக்கு, பார்க்கவில்லையே என்று கோபம் வந்தது. எழுந்தாள். சேலையில் சேறு வடிய நடந்துபோய், நாற்காலிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்றாள்.

“அங்க இன்னா வேடிக்கை? பாட்டு இங்க நடக்குது.”

மூன்றாம் பாட்டை ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பாடினாள். செல்வம்மாள் முகம் வந்தபோது அதே அடியை இரண்டு தடவை பாடினாள். துரையின் முழங்கால் சேற்றைத் தொட்டபோது முடித்தாள். அதுவரை அவரைத் தூக்கப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அடுத்த ஆடியில் முகத்துவாரம் திறந்தே இருந்தது. கழியருகே பழையபடி கழுத்தளவு நீர். சகாதேவன் சந்தோஷமாக வந்து சொன்னார்.

“தண்ணியில எவ மாமா பாடுவா? தொண்ட கட்டிக்கும்,” என்றாள் பச்சையம்மா. “கரையிலயே வெச்சிக்கலாம். துரை நாற்காலிய மட்டும் எனக்குப் பின்னால போடுங்க.”