பன்னிரண்டு காலடிகள்

தீ எவ்வழியே பரவும் என்று கணினியில் முன்கூட்டியே வரைந்து, அக்கணிப்பு மெய்யா என நிலத்தில் சோதிப்பது அவர் தொழில். மெலிந்த உடல், வெயிலில் கறுத்த முகம். கருவிகள் இருந்தும், காலடிகளை வாய்க்குள் எண்ணியபடி நடந்தே எதையும் அளப்பார்.

எங்கள் ஊரான அரியாலையில், மனைகளுக்குப் பின்னே ஒழுங்கை எனும் ஒடுங்கிய மணற்பாதைக்கு அப்பாலுள்ள புல்வெளி பற்றியெரிந்த நண்பகலில், அங்கு வந்திருந்த அவர் கணினியைப் பார்த்துவிட்டு என் அயல்வீட்டு அம்மையாரிடம், "ஒழுங்கையைத் தாண்டாது அம்மா, பயப்பிடாதேங்கோ" என்றார். அம்மையாரும் நம்பி, கட்டையில் கட்டியிருந்த பசுவை அவிழ்க்காமல் விட்டார்.

மறுநாள் எரிந்த எல்லையை அளக்க வந்தார். கணினி வரைந்த கோட்டிலேயே தீ எங்கும் நின்றிருந்தது. ஓரிடத்தில் மட்டும், ஒழுங்கையின் ஒருபுறம் காய்ந்த தென்னோலையால் பின்னிய கிடுகுவேலியிலிருந்து மறுபுற வேலிக்குத் தாவி, அம்மையாரின் வீட்டு வளவுக்குள் புகுந்திருந்தது.

"உம்மடை கணினிக்கு எங்கடை வேலி தெரியாதோ, தம்பி?"

"நான் அதுக்கு வேலியைச் சொல்லேல்லை அம்மா. வெறும் மணல் ஒழுங்கை எண்டுதான் குடுத்தனான்."

"நீர் சொன்னபடியாத்தான் நான் லட்சுமியை அவிட்டு விடேல்லை."

அவர் ஒழுங்கையிலிருந்து, பசு கருகிக் கிடந்த அந்தக் கட்டைவரை எண்ணியபடி நடந்தார். பன்னிரண்டு காலடிகள். அவருடைய ஆய்வுத்துறையில் அது பிழையென்றே கருதப்படாத அளவு சிறியதாம், பின்னர் அறிந்தேன்.

குறிப்பேட்டில் எழுதியவர், திரும்பிச் சென்று மீண்டும் எண்ணி நடந்தார். பிறகு இன்னொருமுறை. எண் குறையுமென்று எதிர்பார்த்தாரா, கூடுமென்றா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.