கேமரா என் கையில்தான் இருந்தது

என் ஓரகத்தியின் வளைகாப்பில்தான் அவர்கள் வீட்டு டிஜிட்டல் கேமரா முதன்முதலாக என் கைக்கு வந்தது. ஊரப்பாக்கத்தில் என் கொழுந்தன் புதிதாக வாங்கியிருந்த ஃபிளாட்டின் ஹாலில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் போய் சந்தனம் பூசி வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்த மருமகள் நான். என் முறை நெருங்கும்போது அவளுடைய அம்மா சிரித்த முகமாக என்னிடம் வந்தார்.

“நீ கம்ப்யூட்டர் டீச்சர், இதெல்லாம் உனக்குத்தாம்மா தெரியும். நீயும் வரிசையில நின்னுட்டா போட்டோ யாரு எடுப்பா? நீயே எடேன்.”

எனக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடியிருந்தன, குழந்தை இல்லை. அது அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். என் கை பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, கேமராவுக்கு மட்டும் ஆகும். கட்டியிருந்த பட்டுப்புடவையோடு ஓரமாக நின்று, மற்றவர்கள் வளையல் போடுவதை ஒன்று விடாமல் எடுத்தேன். எடுக்கும்போதே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேமரா வந்துவிடும். பெயர் வைத்தது, காது குத்தியது, முதல் பிறந்த நாள், எல்லாம் நான் எடுத்தவை. எதிலும் நான் இல்லை. ஒரே ஒரு படத்தில் பீரோக் கண்ணாடியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் தெரியும். அதுதான் நான்.

ஆனால் படம் எடுப்பவளிடம்தான் படம் சேரும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. எங்கள் இரும்புலியூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். கேமரா கொடுக்கும் நம்பரை அழித்துவிட்டு, வருடம் முதலில், மாதம் அடுத்து, பிறகு விசேஷத்தின் பெயர் என்று ஃபோல்டர்கள் போட்டேன். அப்படிப் போட்டால்தான் தானாகவே வரிசையில் நிற்கும். எல்லாவற்றையும் சிடியில் எழுதி, எழுதிய ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகுதான் உறையில் போடுவேன். ஒரு செட் என் பீரோவில், இன்னொரு செட் கூடுவாஞ்சேரியில் என் தம்பி வீட்டில். கண்ணை மூடியிருந்த படங்களையும், வாய் நிறையச் சோற்றோடு மாட்டியவர்களையும்கூட அழிக்கவில்லை. பாசத்தால் சேர்த்தேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பிழை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்றுதான் சேர்த்தேன்.

“அண்ணி, நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? எல்லாம் எங்க சிஸ்டத்துல இருக்கு. நானும் பேக்கப் எடுத்துட்டேன்” என்பான் கொழுந்தன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, நானோ பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லித் தருகிறவள். சரிப்பா என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தது. பேக்கப்தான் இருக்கிறதே என்று அவன் தைரியமாக எல்லாவற்றையும் அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டான். கொஞ்ச நாளில் ஓரகத்தியின் அம்மா நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்குப் படம் வேண்டும் என்று சிடியைப் போட்டுப் பார்த்தால், மூலையில் குட்டி அம்புக்குறியோடு ஒரே ஒரு ஃபோல்டர். படங்களை விட்டுவிட்டு, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை மட்டும் இழுத்துப் போட்டு அதையே பேக்கப் என்று எழுதி வைத்திருக்கிறான். கதவைத் தட்டலாம், உள்ளே வீடு கிடையாது. கடைசியில் ரேஷன் கார்டில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

அந்தப் படத்துக்கு முன்னால் நானும் நின்று கும்பிட்டேன். என் பீரோவில் அந்த அம்மா தெளிவாக, கழுத்துச் சங்கிலியின் கண்ணிகூட எண்ணக்கூடிய மாதிரி இருந்தார். வாயைத் திறக்கவில்லை. கேட்கட்டும் என்று இருந்தேன்.

மாதங்கள் ஓடின, ஓரகத்தி கேட்கவில்லை. எனக்கு அது வியப்பாகத்தான் இருந்தது. வருஷத் திதி நெருங்கும்போது ஒருநாள் தனியாக வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அம்மா படம் எதுனா உங்ககிட்ட இருக்கா?”

“எல்லாமே இருக்கு” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தான் இத்தனை சிடி எழுதியிருந்தேன். இனித்தது.

வேண்டுமென்றே வளைகாப்பு ஃபோல்டரைத் திறந்தேன். சந்தனம், குங்குமம், கை, கை, கை. ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அவள் அழுதுகொண்டே பார்த்தாள். ஒரு படத்தில் அவள் அம்மா நேராகக் கேமராவைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து உயர்த்தியிருந்தார். முகத்தில் நல்ல வெளிச்சம்.

“இதுதான்க்கா. அம்மா ஆசீர்வாதம் பண்ற மாதிரியே இருக்கு.”

“ஆசீர்வாதம் இல்ல” என்றேன். “நான் கிட்ட போய் எடுக்கலாம்னு வந்தேன். ‘அங்கயே நில்லும்மா’ன்னு உங்கம்மா கையக் காட்டினாங்க. அப்ப அமுக்கினது.”

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். அது சுருங்குவதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மாவ ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. உங்கள ஒதுக்க வேணாம்னுதான் அவங்க சொன்னாங்க, பெரியவ மனசு நோகும்னாங்க. நான்தான் கேக்கல. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு கலைஞ்சுபோச்சு, யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பயம். கேமராவக் குடுத்து நிக்க வைக்கச் சொன்னதும் நான்தான்.”

இத்தனை காலம் செத்துப்போன ஒரு பொம்பளையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கோபம் அவரை விட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்தது. பயம் என்றாளே, அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

“இந்தப் படத்தைத் தரேன்” என்றேன். “மாட்டறதுன்னா அப்படியே மாட்டு. கையை வெட்டக் கூடாது.”

அவள் மானிட்டரில் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள். “சரிக்கா” என்றாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரேம் போடும் கடைக்கு நானும் கூடப் போனேன். முகம் மட்டும் வைத்தால் எடுப்பாக இருக்கும், கை இடத்தை அடைக்கிறது என்றார் கடைக்காரர். “கை இருக்கட்டும்” என்று அவளே சொன்னாள்.

இப்போது ஊரப்பாக்கம் ஹாலில், அன்று அவள் வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்த அதே சுவரில், அந்தப் படம் இருக்கிறது. திதிக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, அம்மா வாழ்த்துகிற மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. திரும்பி என்னைப் பார்க்கிறாள். நான் பார்வையை விலக்கிக்கொள்வதில்லை.