செவிச் சோதனையில் முழுப்புள்ளி

“காது, மூக்கு, தொண்டை நோய்கள் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு உங்கள் கிராமம் தெரிவு செய்யப்பட்டுள்ளது. சனிக்கிழமை காலை வீடுகளுக்கு வருவோம். பின்னேரம் சனசமூக நிலையத்தில் செவிப் பரிசோதனை நடைபெறும். ஒத்துழைப்புத் தரவும்.”

புத்தூரில் எங்கள் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருந்த கடிதம் இது. திகதி இல்லை. எந்தச் சனிக்கிழமை என்றும் இல்லை. திகதி போடாத கடிதத்தைக் கண்டால் எனக்கு என்ன வரும் என்பது இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பேனையை எடுத்து, நான் கண்ட நாளை மூலையில் எழுதிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஆனால் வில்லங்கம் திகதியால் வரவில்லை. ஒட்டிய இடத்தால் வந்தது. கடிதத்துக்குப் பக்கத்தில் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் பெயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊர் முடிவெடுத்துவிட்டது... இதுவும் ஒரு சோதனை!

யாழ்ப்பாணத்தில் சோதனை என்றால் என்ன செய்வோம்? கேள்வி என்னவென்று முதலில் எழுதியவரைப் பிடித்து விசாரிப்போம். எங்கள் ஒழுங்கையில் முதல் வீடு பரமேஸ்வரி அக்காவுடையது. ஆய்வுக்காரர் படலையைத் தாண்டி வெளியே போனதுமே அக்கா வேலியோரம் வந்துவிட்டார். காது வடிந்திருக்கிறதா, காதுக்குள் ஏதாவது விடுவீர்களா, பிறர் கதைப்பதைத் திருப்பித் திருப்பிக் கேட்பீர்களா — பக்கத்து வீட்டுக்குக் கேள்விகளைச் சொன்னார். கூடவே, யாரும் கேட்காமலே, விடைகளையும் சொன்னார்.

ஒழுங்கையின் கடைசி வீடு என்னுடையது. அங்கே வந்து சேர்ந்த இளம் பெண் டொக்டர் களைத்துப் போயிருந்தார். கரவெட்டிப் பிள்ளை. தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் சிரிக்கத் தொடங்கினார்.

“ஐயா, உங்கடை ஒழுங்கையிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு அம்மா நான் வாய் திறக்க முதலே சொல்லுறா, ‘நாங்கள் காதுக்குள்ளை கோழிச்செட்டை விடுறேல்லை’ எண்டு. நான் கோழியைப் பற்றிக் கேக்கவே இல்லை!”

“அது நல்ல விஷயம்தானே பிள்ளை?”

“நல்ல விஷயம்தான். ஆனால் காப்பிலை கொழுவியிருந்த சட்டைப்பின்னைக் கழட்டிக் காதைக் குடைஞ்சுகொண்டெல்லோ சொல்லுறா!”

போன கிழமை மயிலிட்டிக்குப் போனாராம். படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் காலம் கழித்த மனிதர்கள், கரையிலும் கடலில் கத்துவது போலவே கத்தினார்களாம். காது எப்படி என்று கேட்டால், அதே சத்தத்தில், “நல்லாக் கேக்குது!”

வளர்முக நாடுகளின் நோய்கள் பற்றி வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளை இணையத்தில் வாசிப்பது என் பொழுதுபோக்குகளில் ஒன்று. (சிரிக்க வேண்டாம். சிலர் கிரிக்கெட் பார்க்கிறார்கள்.) அவற்றின் கடைசிப் பக்கத்தில் அடிக்கடி ஒரு மனக்குறை தென்படும்: போதிய தரவு கிடைக்கவில்லை. பணமில்லை, ஆளில்லை, கருவியில்லை என்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். கேள்வி கேட்பவர் மனம் நோகாமல் சரியான விடையைச் சொல்லி அனுப்பும் எங்கள் மரியாதையைப் பற்றி யாராவது ஒரு பந்தி எழுதியிருக்கிறார்களா? நான் காணவில்லை.

பின்னேரம் சனசமூக நிலையத்தில் செவிச் சோதனை. வாசிப்பறையில் ஒரு கதிரை. காதுகளை மூடும் ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். காதுக்குள் மெல்லிய ‘பீப்’ கேட்டால் அமத்த வேண்டும். டொக்டர் எங்கள் முதுகுப்பக்கம் மெஷினோடு இருப்பார். இடையில் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு றோட்டால் போனது. அது போய் முடியும்வரை ஆய்வு நின்றது.

முதல் ஆள் நான். முழுப்புள்ளி! எதிரே இருந்த புத்தக அலுமாரியின் கண்ணாடியில், ஒவ்வொரு ‘பீப்’புக்கும் டொக்டரின் விரல் அசைவது தெளிவாகத் தெரிந்தது என்பதை இங்கே விரித்து எழுத வேண்டிய அவசியமில்லை. அந்த விஷயம் வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு எப்படிப் போனது என்பதும் எனக்குத் தெரியாது.

“எந்தக் காது முதல் வரும்?”

“வலது. பிறகு இடது.”

“மெல்லிசா வந்தால் என்ன செய்யிறது?”

“நீ ஏன் சத்தத்தைத் தேடுறாய்? அலுமாரியைப் பார்!”

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் நடேசன். என் தங்கை ரதியின் கணவர். புத்தூர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியிறக்கும் வானின் சொந்தக்காரர், சாரதி, மெக்கானிக் எல்லாம் அவரே. அவருடைய வானைப் பற்றி நான் இதே பத்தியில் ஒருமுறை எழுதியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒவ்வொரு சீற்றுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச். பிள்ளை இறங்க வேண்டுமென்றால் அமத்தும். டாஷ்போர்ட்டில் சிவப்பு பல்ப் எரியும். வாய் திறந்து கத்த வேண்டியதில்லை. ‘ஒழுக்கத்தையும் விஞ்ஞானத்தையும் இணைத்த சாரதி’ என்று மச்சானைப் புகழ்ந்திருந்தேன்.

நடேசன் கதிரையில் இருந்தார். வலது காது முடிந்தது. இடது காது. பொத்தானைத் தயங்காமல் அமத்தினார். மறுபடியும் அமத்தினார். மறுபடியும்.

டொக்டர் எழும்பி முன்னால் வந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

“அண்ணை, கடைசியா நான் விரலை மட்டும்தான் ஆட்டினனான். சத்தம் விடவே இல்லை.”

வாசலில் நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது. “நடேசனுக்கு நாளைக்கு வாற சத்தமும் இண்டைக்கே கேக்கும்!” என்றார் ஒருவர்.

நடேசன் சிரிக்கவில்லை. எழும்பினார். மேசையில் கிடந்த வான் திறப்பை எடுத்தார். யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஐயா, அவரை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ. பகிடிக்கில்லை. அந்த இடது காதை நான் பாக்கவேணும்.”

தங்கை வீட்டுக்குப் போனேன். நடேசன் முற்றத்தில் வானுக்குப் பக்கத்தில் நின்றார். கையிலிருந்த திறப்பு வழக்கம்போல இடது காதுக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

“மச்சான், அந்தப் பிள்ளை உம்மை வரச்சொல்லுது.”

“ஏன்? செவிடன் எண்டு எழுதி லைசன்ஸ் ஒவ்வீசுக்கு அனுப்பவோ?”

“விசர்க்கதை கதையாதையும். அதிலை ஒருத்தற்றை பேரும் இல்லை. வெறும் நம்பர்தான். நான் பார்த்தனான்.”

“இந்த ஊரிலை ஆற்றை நம்பர் எது எண்டு ஆருக்குத் தெரியாது?”

ரதிதான் குசினி வாசலில் நின்று சொன்னாள்: “சின்னனிலை இருந்தே வடியிற காது, அண்ணை. கீரிமலைக் கேணியிலை முழுகிப்போட்டு வந்தால் ஒரு மாதத்துக்குத் தலாணி முழுக்க ஊறும். டொக்டரிட்டைப் போங்கோ எண்டு நான் சொல்லாத நாளில்லை.”

“போனால்?” நடேசன் திரும்பினார். “காது கேளாதவன்ரை வானிலை ஆர் பிள்ளையளை ஏத்துவினம்? வேறை என்ன தொழில் தெரியும் எனக்கு?”

அப்போதுதான் டாஷ்போர்ட்டில் இருந்த அந்தச் சிவப்பு பல்ப் என் கண்ணில் பட்டது. வாசகர்கள் என் பழைய பத்தியில் ‘ஒழுக்கம்’, ‘விஞ்ஞானம்’ ஆகிய இரண்டு சொற்களையும் தயவுசெய்து வெட்டிவிடவும்.

நடேசன் நிலையத்துக்கு வர மறுத்தார். ஆகவே பொழுதுபடுகிற நேரம் டொக்டர் மெஷினைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கே வந்தார். சுற்றிப் பார்த்தார். வீட்டில் ரீவி, பின்வளவில் நாய், பக்கத்துத் தோட்டத்தில் வாட்டர் பம்ப். “வானுக்குள்ளை வைப்பமே?” என்றார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால், புத்தூரில் அதைவிட அமைதியான அறை கிடையாது.

லைட் பிடித்துக் காதுக்குள் பார்த்தார். பிறகு, “அண்ணை, எஞ்சினைப் போடுங்கோ. ஸ்ரார்ட்டிலை விட்டிட்டுச் சும்மா முன்னாலை பாத்துக்கொண்டு இருங்கோ,” என்றார். தான் பின்னுக்குப் போய், இடதுபக்கக் கரை சீற்றில், ஒரு சின்னப்பிள்ளை இருக்கிற இடத்தில் இருந்துகொண்டார். நான் நடுவில் இருந்தேன். ரதி திறந்த கதவடியில் நின்றாள்.

“அங்கிள், நிப்பாட்டுங்கோ.”

சின்னப்பிள்ளையின் குரல் அளவில்தான் சொன்னார். நடேசன் அசையவில்லை.

“அங்கிள், நிப்பாட்டுங்கோ.”

ஸ்ரியறிங்கில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பொறுத்து, தலையைத் திருப்பாமலே, மிகவும் பவ்வியமாக நடேசன் சொன்னார்:

“நான் ரெடி பிள்ளை. நீங்கள் தொடங்கலாம்.”

ரதி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நடேசன் கண்ணாடியில் அதைக் கண்டார். எங்களைப் பார்த்தார். எஞ்சினை நிற்பாட்டினார்.

“எத்தினை தரம் சொன்னனீங்கள்?”

பதிலுக்கு நிற்காமல் ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த முறை அலுமாரி இல்லை. இடது காதுக்கு வந்தபோது, பொத்தான் நெடுநேரம் சும்மாவே கிடந்தது. அன்று புத்தூரில் எழுதப்பட்டவற்றில் உண்மையான விடைத்தாள் அது ஒன்றுதான் என்பது என் கருத்து.

செவிப்பறையில் ஓட்டை. ஒப்பரேசன் செய்து மூடலாம். கேட்கும் திறன் எவ்வளவு திரும்பும் என்று உறுதி தரமுடியாது, ஆனால் வாய்ப்பு நல்லது. வலது காதும் முழுசாக இல்லை, அதையும் கவனிக்க வேண்டும். அதுவரை கீரிமலையில் தலை முழுகக் கூடாது. காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. “திறப்பும் போகக் கூடாது,” என்றார் டொக்டர். வான் விஷயத்தில் அவர் கண்டிப்பாக இருந்தார்: “காது சரிவரும்வரை வேறை ஆள் ஓட்டட்டும் அண்ணை. நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை. நீங்கள்தான் சொல்லவேணும்.”

சொன்னார். வீடு வீடாகப் போய், படலையில் நின்று சொன்னார். இரண்டு வீட்டுக்காரர் பிள்ளைகளை நிற்பாட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள், நடேசனின் தம்பி ஓட்டுவதென்றும் ரதி கூடப் போவதென்றும் கேட்ட பிறகு சம்மதித்தார்கள். ஒரு வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெட்டை மட்டும் ஆச்சரியப்பட்டதாம், பெரியவர்களைப் பார்த்து.

“அங்கிளுக்கு அந்தக் காது கேளாது எண்டு உங்களுக்கு இப்பதானோ தெரியும்?”

இதற்கிடையில் டொக்டர் ஊருக்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். இது சோதனை இல்லை. குறை உள்ளவர்களுக்குத்தான் கிளினிக்கில் இடம் கிடைக்கும், இலவசமாக. இன்னொரு முறை வந்து கேட்பேன்.

கேட்டார். புத்தூரின் அந்த ஒழுங்கை முழுவதும் ஒரே கிழமையில் செவிடாகிப் போயிருந்தது. பரமேஸ்வரி அக்காவுக்குக் காதோடு நிற்கவில்லை... மூக்கும், தொண்டையும்! “எல்லாத்தையும் சேத்து எழுது பிள்ளை. ஒண்டையும் விட்டிடாதை.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் என்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

நடேசனுக்கு ஒப்பரேசன் முடிந்துவிட்டது. டொக்டர் காதைத் திரும்பப் பார்த்து, ஓட்டை மூடிவிட்டது, இனி ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் வான் திறப்பு அவர் கைக்கு வந்தது. பல்ப் இன்னும் இருக்கிறது. ரதியும் இன்னும் இடது கதவடியில் இருக்கிறாள். இனித் தேவையில்லை என்று அவர் சொல்லியும் இறங்க மாட்டாளாம். பிள்ளைகளோடு பொழுது நன்றாகப் போகிறதாம்.

போன ஞாயிறு காலை அவர்கள் வீட்டில் இருந்தேன். நடேசன் தேத்தண்ணிக் கோப்பையை வாயருகில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“பாண் ஓட்டோ வருது.”

“எங்கை? ஒண்டும் கேக்கேல்லையே.”

“சந்தியாலை திரும்புது.”

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒருவருக்கு இப்படிப் பிரமை தட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து ரதி சில்லறையோடு வந்தாள். “ஓம் அண்ணை, வருதுதானே. எவ்வளவு நேரமாப் பாடுது!”

பாட்டு என் காதில் விழுந்தபோது ஓட்டோ படலைக்கு வந்துவிட்டிருந்தது.

நடேசன் என்னையே பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்தார்.

“மச்சான், ஒருக்கால் வானுக்குள்ளை வந்து இரும்.”

போகவில்லை. வேலை இருந்தது. அன்று சனசமூக நிலையத்தில் நான் எடுத்த முழுப்புள்ளி, இந்தப் பத்தி அச்சுக்குப் போகும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.