மஞ்சளில் நனைத்த தீபாவளிச் சேலை

யுத்த காலத்தில் திருக்கோகர்ணத்தில் ஒரு சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தேன். துணிக்குச் சர்க்கார் கண்ட்ரோல் வந்தபின், பிடித்ததை எடுத்துவருவது என்பது போயிற்று. கொடுத்த துணிக்கட்டை, அதாவது பேலை, வாங்கிக்கொள்ள வேண்டும். சாக்குத் தையலைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறதென்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கித்தான் பேல் வந்தது. முதல் சேலை அம்பாளுக்கு என்பது எங்கள் கடை வழக்கம். கற்பூரம் காட்டிவிட்டுப் பிரித்தேன். அத்தனையும் வெள்ளைச் சேலை. கரைகூடக் கிடையாது. அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினேன். தாயே, உனக்குச் சாத்தவும் ஒன்றில்லையே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னங்க மொதலாளி, ஊரு பொம்பளைக அம்புட்டுப் பேரையும் தாலியறுக்கச் சொல்றீங்களா?" என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

திருவரங்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் மட்டும் போகவில்லை. மகளுக்குத் தலைதீபாவளி. மருமகன் பட்டாளத்தில், பல மாதமாகக் கடுதாசி இல்லை.

"கலரா ஒண்ணு குடுங்க. இந்த வருசம் பாத்து எம்மக வெள்ளை கட்டலாமுங்களா?"

"வச்சுக்கிட்டா இல்லேங்குறேன், ஆத்தா?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "மஞ்சத் தண்ணியில முக்கித் தாரேன், இருங்க" என்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சேலையை முக்கி, கொல்லையில் காயவைத்தாள். நல்ல சிவப்பாக வந்தது. "தண்ணி படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தோம். அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனாள்.

தீபாவளியன்று, மருமகன் பேருக்கு அர்ச்சனை செய்ய மகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தாள். ஐப்பசி மழை வழியிலேயே பிடித்துக்கொண்டது. ஓடிவந்து எங்கள் கடைவாசலில் ஒதுங்கினார்கள். அந்தப் பெண்ணின் பாதத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. தோளிலும் இடுப்பிலும் சேலை வெளுத்துவிட்டது. அவள் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

என் வீட்டுக்காரி தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாங்க. தீவாளிக்குக் கட்டுனதை அவுக்கக் கூடாதும்பாங்க" என்றது அந்தப் பெண்.

தாயார் தன் முந்தானையால் மகளின் தோளை மூடி மூடிப் பார்த்தாள். "மழைதானேடி, மழைதானே" என்றாள். அர்ச்சனை செய்யாமலே திரும்பிப் போனார்கள்.

யுத்தம் முடிந்தது. அந்த மருமகப் பிள்ளை வரவில்லை. இறந்தான் என்ற தகவலும் வரவில்லை. கண்ட்ரோல் போய், கடையில் எல்லாக் கலரும் வந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அந்த அம்மாள் மகளோடு வருவாள். அரக்கு, கிளிப்பச்சை என்று விரித்துப் போடுவேன். அந்தப் பெண் வாசலில் மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.